வடித்த தயிரில் ஒரு விருந்துப் பச்சடி

விருந்து என்றால் பலகாரம் என்பது நம்மவர் வழக்கம். பிறந்தநாளாயினும், திருமண நிச்சயமாயினும், பரீட்சையிற் சித்தியெய்திய மகிழ்ச்சியாயினும், மேசையிலே கட்லற், பற்றிஸ், தட்டை வடை, பொரித்த மரவள்ளிக்கிழங்கு முதலியன வந்து நிறைந்துவிடுகின்றன. அண்மைக் காலத்திலே அவற்றின் நடுவே மயோனைசு என்னும் புதியதொரு பண்டமும் இடம் பெற்றுள்ளது. வெண்ணிறமும் வழுவழுப்பும் உடைய இத்தகைய தொடுகறிகளைக் கடைக்காரர் ‘டிப்’ என்பர். சிறுவர் இதனைப் பெரிதும் விரும்புகின்றனர். ஆனால், அதே மேசையின் ஓரத்திலே நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடைய பெரியோர் வெறுந் தேநீருடன் அமர்ந்திருப்பதையும் நாம் காண்கின்றோம். அழைக்கப்பட்டோருட் சிலர் உண்ண அஞ்சும் உணவு நிறைந்த விருந்தாகுமா? எல்லோரும் அச்சமின்றித் தொட்டுண்ணத்தக்க ஒன்றை வீட்டிலேயே செய்து வைத்தல் இயலாதா? இயலும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மயோனைசு எதனால் ஆவது என்பதை அறிவோம். எண்ணெய், முட்டையின் மஞ்சட்கரு, வினாகிரி ஆகிய மூன்றுமே அதன் முதற் பொருள்கள். எண்ணெயும் நீரும் தாமாக ஒன்று சேரா. மஞ்சட்கருவிலுள்ள லெசித்தின் என்னும் பொருள், எண்ணெயை நுண்துளிகளாக்கி நீரினுள்ளே பிரியாது நிறுத்துகின்றது. இந்நுண்துளிகள் நெருங்கி நிற்பதனாலேயே அந்த வழுவழுப்பு உண்டாகின்றது. ஆதலால், வழக்கமான மயோனைசின் எடையிற் பெரும்பகுதி எண்ணெயே. ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 90 முதல் 100 கலோரி வரை உண்டு. தட்டிலே மூன்று கரண்டி இட்டுக்கொள்ளும் பிள்ளை, பலகாரத்துக்கு மேலாக ஏறத்தாழ 300 கலோரியை அறியாமலே உண்டுவிடுகின்றது. வீட்டிலே பச்சை முட்டை கொண்டு இதனைச் செய்வோர்க்கு, சல்மனெல்லா என்னும் நோய்க்கிருமியால் வயிற்று நோய் வரும் அபாயமும் உண்டு.

வழுவழுப்புக்கு எண்ணெய்தான் வேண்டுமா? வேண்டுவதில்லை. இதற்குச் சான்று நம் அடுக்களையில் உள்ள தயிரே. பாலில் உறையிட்டதும், அதிலுள்ள பக்றீரியா பாலின் வெல்லமாகிய லக்ரோசை லக்ரிக் அமிலமாக மாற்றுகின்றது. புளிப்பு ஏற ஏற, கேசீன் என்னும் புரதம் ஒன்றோடொன்று பிணைந்து நுண்ணிய வலையாகின்றது. அவ்வலையினுள்ளே நீர் சிறைப்பட்டு நிற்பதே தயிர். அதனைத் துணியிலிட்டுத் தொங்கவிட்டால், நீரில் ஒரு பகுதி வடிந்துபோக வலை நெருங்குகின்றது. எஞ்சுவது வெண்ணெய் போன்று திரண்ட தயிர். எண்ணெய் ஒரு துளியேனும் சேராமலே வேண்டிய பதம் கிடைத்துவிடுகின்றது.

பிற நாட்டவர் இதனை நெடுங்காலமாக அறிவர். லெபனானில் ‘லப்னே’ என்றும், குஜராத்தில் சீனி சேர்த்து ‘ஸ்ரீகண்ட்’ என்றும் உண்ணப்படுவது வடித்த தயிரே. கிரேக்கர் இதிலே வெள்ளரிக்காயும் உள்ளியும் சேர்த்து ‘சத்சீக்கி’ என்பர். நாம் செய்யப்போவது இவற்றுக்கு உறவான ஒரு பச்சடியே.

பத்துப் பேருக்கு வேண்டியவை: சீனி சேராத பசுத்தயிர் 1 லீற்றர், நடுத்தர வெள்ளரிக்காய் பாதி, கொத்தமல்லி இலையும் புதினாவும் சேர்ந்து ஒரு கைப்பிடி, பச்சை மிளகாய் ஒன்று, உள்ளி ஒரு பல், வறுத்துப் பொடித்த சீரகம் அரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள் கால் தேக்கரண்டி, தேசிக்காய்ச் சாறு ஒரு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி.

கொதிநீரில் இட்டு எடுத்து ஆறவைத்த வெள்ளைப் பருத்தித் துணியைப் பிழிந்து, ஒரு வடிதட்டின் மேல் விரித்துத் தயிரை ஊற்றுங்கள். துணியின் நான்கு மூலைகளையும் சேர்த்துக் கட்டி, கீழே ஒரு பாத்திரம் வைத்து, குளிர்சாதனப் பெட்டியினுள்ளே நான்கு மணி நேரம் விடுங்கள். நம் நாட்டு வெப்பத்தில் வெளியே தொங்கவிட்டால் தயிர் அளவுக்கு மீறிப் புளித்துவிடும். தயிர் ஏறக்குறையப் பாதியாகக் குறையும்போது பதம் சரியாகும்.

வெள்ளரிக்காயைத் துருவி, உப்பிற் பாதியைத் தூவிப் பத்து நிமிடம் வைத்துப் பிழிந்துவிடுங்கள். உப்பு, காயின் கலங்களிலுள்ள நீரை வெளியே இழுத்துவிடும். இதைச் செய்யாவிடின் அந்த நீர் பின்னர் பச்சடியிலே கசிந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். இலைகளையும் மிளகாயையும் உள்ளியையும் மீதி உப்புடன் நன்றாக அரைத்து, வடித்த தயிரில் சேர்த்து, சீரகமும் மிளகும் தேசிக்காய்ச் சாறும் கலந்து, இறுதியாக வெள்ளரித் துருவலைச் சேருங்கள். அரை மணி நேரம் குளிரவைத்துப் பரிமாறினால் மணம் கூடும்.

இதில் ஒரு மேசைக்கரண்டிக்கு ஏறக்குறைய 15 முதல் 20 கலோரிதான் உண்டு. அதனோடு புரதமும் கல்சியமும் கிடைக்கின்றன. உப்பு வகையிலும் நன்மையே. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மேற்கூறிய அளவில் ஒருவர் பங்குக்கு 0.3 கிராம் அளவே வரும். உப்புக் குறைந்த இடத்தைப் புளிப்பும் சீரக மணமும் நிரப்பிவிடும்.

தயிரைத் தெரிவதிலும் கவனம் வேண்டும். கடைகளிலே விற்கும் யோகட்டிற் பெரும்பாலானவை சீனியிட்டவை. அவை இதற்கு உதவா. எருமைத் தயிர், மண்சட்டி நீரை உறிஞ்சுவதனால் முன்னரே இறுகியிருக்கும். ஒரு மணி நேரம் வடித்தாலே போதும். ஆனால், எருமைப்பாலில் உள்ள கொழுப்பு பசுப்பாலினதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. கொலஸ்திரோல் மிகுந்தோர் உள்ள வீடுகளில், ஆடை நீக்கிய பாலில் உறையிட்ட தயிரே தக்கது. பால் ஒவ்வாதோர்க்கு, அவித்த கடலையை வறுத்த எள்ளுடனும் உள்ளியுடனும் தேசிக்காய்ச் சாற்றுடனும் அரைத்து வைக்கலாம். லெபனான் முதலிய நாடுகளில் ‘ஹம்மஸ்’ எனப் பெயர் பெற்ற உணவும் இவ்வகையினதே.

இனி, எதனைத் தொட்டு உண்பது என்பது முக்கியமான வினா. எண்ணெயிற் பொரித்த கிழங்கையே தொட்டு உண்டால், கிண்ணத்திலே தவிர்த்த எண்ணெய் தட்டிலே திரும்பி வந்துவிடும். விரல் நீளத்துக்கு வெட்டிய கரட், வெள்ளரிக்காய், அரை அவியலாக எடுத்த போஞ்சி, அவித்த பனங்கிழங்கு, வத்தாளங்கிழங்கு, மொறுமொறுவென வாட்டிய குரக்கன் ரொட்டித் துண்டுகள் ஆகியவை இதற்கு நல்ல துணை. நீரிழிவு உடையோர் கிழங்கின் அளவைக் குறைத்துக் காய்களைக் கூட்டிக்கொள்வாராக. பலகாரத்தை முற்றாக விலக்க வேண்டியதில்லை; இவற்றை மேசையின் நடுவிலும் அவற்றை ஓரத்திலும் வைத்தாலே கை முதலில் எங்கே செல்லும் என்பது மாறிவிடும்.

பச்சடியை நெடுநேரம் வெளியே வைத்தல் ஆகாது. இரண்டு மணி நேரமே எல்லை. வெயில் மிகுந்து 32 பாகை செல்சியசைத் தாண்டினால் ஒரு மணி நேரந்தான். ஆகையால் சிறு கிண்ணங்களிற் பகுத்து, ஒன்று தீர்ந்தபின் மற்றொன்றைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுப்பது நன்று. முதல்நாளே ஆயத்தம் செய்வோர் தயிரை மட்டும் வடித்து மூடி வைத்து, காயையும் இலைகளையும் விருந்தன்று சேர்க்கலாம்.

வடிந்த நீரை வீணே ஊற்றிவிடாதீர்கள். அதன் இளம்பச்சை கலந்த மஞ்சள் நிறம் ரைபோபிளேவின் என்னும் உயிர்ச்சத்தினால் ஆவது. அதில் கறிவேப்பிலையும் சிறிது இஞ்சியும் தட்டிப் போட்டால் மோர் போலப் பருகலாம். ரொட்டிக்கு மாக் குழைக்கவும் அந்நீர் உதவும்.

மாணவ மாணவியருக்கு ஒரு சிறு வேலை. அடுத்த விருந்துக்குத் தயிரைக் கட்டித் தொங்கவிடும் பொறுப்பை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். மணிக்கொரு முறை வடிந்த நீரை அளந்து கொப்பியிலே குறித்து வையுங்கள். முதல் மணியில் விரைந்து வடியும் நீர், நான்காம் மணியில் ஏன் துளித்துளியாகின்றது என்று சிந்தியுங்கள். விடை கண்டபின், பச்சடியின் முதற் கிண்ணத்தை வீட்டிலுள்ள மூத்தவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.