கடலுக்குள் போய்வந்த தூண்கள்

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகருக்கு மேற்கே, கடலை ஒட்டி அமைந்த ஊர் பொஸ்ஸுவோலி. மீன்பிடி படகுகளும் அடுக்குமாடி வீடுகளுமாகப் பரபரப்பாக இருக்கும் ஊர். அதன் நடுவே, சாலை மட்டத்துக்குக் கீழே ஒரு பெரிய பள்ளத்தில் ரோமானியர் காலத்துச் சந்தை இடிந்து கிடக்கிறது. மூன்று பளிங்குத் தூண்கள் மட்டும் ஏறத்தாழ 12 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கின்றன.

1750-இல் இந்த இடத்தைத் தோண்டியபோது செராபிஸ் என்ற எகிப்தியத் தெய்வத்தின் சிலை கிடைத்தது. அதனால் இதைக் கோயில் என்றே வெகுகாலம் நம்பினார்கள். உண்மையில் இது இறைச்சியும் மீனும் விற்ற அங்காடி. அன்று புத்தியோலி என்று பெயர் பெற்றிருந்த இவ்வூர், ரோமானியப் பேரரசின் முதன்மையான துறைமுகங்களில் ஒன்று. எகிப்தின் கோதுமையும் அலெக்சாந்திரியா வழியாக வந்த கீழைநாட்டுச் சரக்குகளும் இங்கேதான் இறங்கின.

இந்தத் தூண்களை அடியிலிருந்து மேலாகப் பார்க்க வேண்டும். முதல் மூன்றரை மீட்டர் வழவழப்பாக இருக்கிறது. அதற்கு மேல், இரண்டரை மீட்டருக்கும் சற்று அதிகமான அகலத்தில், தூணைச் சுற்றி ஒரு பட்டை. அங்கே கல் முழுக்க விரல் நுழையும் அளவுக்கு ஓட்டைகள். அதற்கும் மேலே அத்தகைய ஓட்டை ஒன்றுகூட இல்லை.

துளைத்தது லித்தோபகா என்ற கடல் சிப்பி. சுண்ணாம்புக் கல்லைத் தன் சுரப்பால் கரைத்து, உள்ளே குடியிருக்கும் உயிரினம் அது. கடல்நீருக்கு வெளியே அதனால் வாழ முடியாது. அப்படியானால் தரையில் கட்டிய சந்தையின் தூண்கள் ஆறு மீட்டருக்கு மேல் கடலில் மூழ்கியிருந்திருக்கின்றன! அடிப்பகுதி மணலிலும் எரிமலைச் சாம்பலிலும் புதைந்து கிடந்ததால் சிப்பி அதைத் தொடவில்லை. உச்சி, நீருக்கு மேலே இருந்ததால் தப்பியது.

1828-இல் இங்கு வந்த ஸ்காட்லாந்துப் புவியியலாளர் சார்லஸ் லையல் இந்தக் கணக்கின் பொருளை உணர்ந்தார். கடல் அவ்வளவு உயர்ந்திருந்தால் மத்தியதரைக் கடலோர நகரங்கள் அனைத்தும் மூழ்கியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. ஆகவே இறங்கி ஏறியது இங்குள்ள நிலம்தான். அதுவும் தூண்கள் விழாத அளவுக்கு மெதுவாக. 1830-இல் வெளியான தமது ‘புவியியல் கோட்பாடுகள்’ நூலின் முகப்புப் படமாக இந்த மூன்று தூண்களையே வைத்தார்.

காரணம் ஊருக்கு அடியில் இருக்கிறது. சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் மாபெரும் வெடிப்பொன்றால் உருவான காம்பி ஃப்ளெக்ரெய் எரிமலைப் பள்ளத்துக்குள்தான் பொஸ்ஸுவோலி இருக்கிறது. ஆழத்தில் உள்ள மாக்மாவின் வெப்பமும் வாயுக்களும் சூடேறிய நிலத்தடி நீரும் பாறையை அழுத்துகின்றன. கொதிக்கும் பானையின் மூடி ஆவியில் எழும்பித் தணிவது போல, நிலம் உயர்ந்து தாழ்கிறது. இதைப் பிராடிசீசம் என்கிறார்கள். தூண்களில் இருந்த சிப்பிகளின் வயதைக் கணித்து 2006-இல் வெளியான ஆய்வு, நிலம் மூன்று முறை தாழ்ந்து எழுந்ததாகக் காட்டியது. அவற்றுள் கடைசி எழுச்சி 1538-இல் எரிமலை வெடிப்பில் முடிந்தது. மோந்தே நுவோவோ என்ற குன்று சில நாட்களிலேயே முளைத்தது.

இது பழங்கதையாகிவிடவில்லை. 1982 முதல் 1984 வரையிலான இரண்டே ஆண்டுகளில் நிலம் சுமார் 1.8 மீட்டர் உயர்ந்தது. ஏறத்தாழ 40,000 பேர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. 2005-இலிருந்து மறுபடியும் உயர்ந்து வருகிறது. மே 2024-இல் 4.4 அளவுள்ள நிலநடுக்கம் ஊரை உலுக்கியது. சிறிய படகுத்துறையில் நீர் வற்றி, படகுகள் சேற்றில் தரைதட்டி நிற்கின்றன. இன்று செயற்கைக்கோள்களும் நிலநடுக்கமானிகளும் இரவு பகலாக அளக்கும் அசைவைத்தான் அந்தச் சிப்பிகள் பளிங்கில் குறித்து வைத்தன.

இத்தாலி போகிறவர்கள் பொம்பெய் பார்த்த கையோடு திரும்பிவிட வேண்டாம். பொஸ்ஸுவோலி நேப்பிள்ஸிலிருந்து ரயிலில் போய்விடக்கூடிய தூரம்தான். தூண்களின் அழகை ரசித்து முடித்ததும், நடுவில் இருக்கும் அந்த ஓட்டைப் பட்டையைக் கட்டாயம் பாருங்கள். நாம் அசையாதது என்று நம்பி வீடு கட்டும் நிலமும் அசையும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடையாது.