வேன் பாட்டரிக்கு ஏற்ற சார்ஜர்

தைப்பூசத்திற்குக் குடும்பத்தோடு வேனில் புறப்படுகிறோம். இரவில் விளக்கும் காற்றாடியும் ஓட இரண்டாவது பாட்டரி ஒன்றை வேனுக்குள் வைத்திருக்கிறோம். வீட்டு மின்சாரத்திலிருந்து அதற்குச் சக்தி ஏற்றும் சார்ஜரை எப்படித் தேர்ந்தெடுப்பது? மலிவாகக் கிடைக்கிறதே என்று கண்டதை வாங்கினால் பாட்டரி கெடும்; சில வேளை உயிருக்கே ஆபத்தாகவும் முடியும்.

முதலில், பாட்டரியின் மேல் எழுதியிருப்பதைப் படிப்போம். 12 வோல்ட் என்றிருந்தால் சார்ஜரும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். அடுத்தது அளவு. 100 ஆம்பியர்-மணி ஈயப் பாட்டரிக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 10 ஆம்பியர் சார்ஜர் பொருத்தமானது. பாதி தீர்ந்த பாட்டரிக்குக் கணக்குப்படி 5 மணி நேரம் போதும். ஆனால் கடைசிப் பகுதி மெதுவாகவே ஏறும். ஆகவே ஓர் இரவு ஒதுக்குவோம்.

பாட்டரியின் வகையையும் கவனிப்போம். நீர் ஊற்றும் பாட்டரி, ஜெல் பாட்டரி, லித்தியம் பாட்டரி ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஏற்றும் முறை வேறு. நம்முடைய வகையின் பெயர் சார்ஜரில் இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

நீர் ஊற்றும் பாட்டரிக்கு வாங்கும்போது, தானாக அடங்கும் சார்ஜரா என்று கடைக்காரரைக் கேட்போம். நல்ல சார்ஜர் 14.4 வோல்ட் அளவில் ஏற்றி, பாட்டரி நிறைந்ததும் ஏறத்தாழ 13.5 வோல்ட்டுக்குத் தாழ்ந்துவிடும். பழைய வகைச் சார்ஜரோ நிறுத்தாமல் ஏற்றிக்கொண்டே போகும். பாட்டரி நீர் குமிழியிட்டு வற்றும். ஹைட்ரஜன் வாயு பெருகும். அடைத்த வேனுக்குள் அது தேங்கினால், ஒரு சிறு தீப்பொறி போதும், வெடித்துவிடும். பாட்டரிக்குள் இருப்பது அமிலமாதலால் கண்ணும் பறிபோகலாம்.

ஆகையால், நல்ல சார்ஜர் இருந்தாலும் வேன் கதவுகளைத் திறந்து வைப்போம். சாமி விளக்கு, அடுப்பு, சிகரெட் எதுவும் அருகில் வேண்டாம். பிள்ளைகளையும் தள்ளி நிறுத்துவோம். சிவப்புக் கவ்வியைப் பிளஸ் முனையிலும், கறுப்பை மைனஸ் முனையிலும் மாட்டிய பிறகே சுவிட்சைப் போட வேண்டும். கழற்றும்போது முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும். மழையில் நனையும்படி வயரை இழுக்கக் கூடாது.

திருவிழா முடிந்து திரும்பியதும் அன்றே பாட்டரியை நிரப்பி வைப்போம். தீர்ந்த நிலையிலேயே கிடந்தால் ஈயத் தகடுகளில் உப்புப் படிந்து, பாட்டரி மறுபடி சக்தி ஏற்க மறுக்கும்.

நேயர்களே, பட்டணத்துக் கடைக்குப் போகுமுன் பாட்டரியில் உள்ள வோல்ட், ஆம்பியர்-மணி, வகை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சிறு தாள் நம் பணத்தையும் காக்கும். நம் பிள்ளைகளையும் காக்கும்.