வகுத்தித் தொடர்கள்: பலர் கூடிப் போடும் ஒரு கணக்கு

கொள்ளேகால் பட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். 1956 வரை கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, மாநிலச் சீரமைப்பின்போது மைசூரோடு இணைந்து, இப்பொழுது கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் அடங்கியுள்ளது. பட்டுத் தொழில் நடைபெறும் அத்தகைய ஊர்களில் பணியாற்றுவோர், கூட்டிலிருந்து நூல் எடுப்பதைக் கண்டிருப்பர். கூட்டைச் சுடுநீரில் இட்டு, இழையின் நுனியைப் பிடித்த பின்னரே நூல் வரத் தொடங்கும். நடுவிலிருந்து இழுக்க இயலாது. எவ்வளவு நீளம் வரும் என்பதும் இழுத்து முடித்த பின்னரே தெரியும். எண்களிலும் இத்தகைய இழைகள் உண்டு. நுனியைப் பிடித்து ஒவ்வோர் அடியாக இழுத்தாலன்றி அவற்றின் முடிவை அறிய வழியில்லை. சில இழைகளைக் கணிதர்கள் பல பத்தாண்டுகளாக இழுத்து வருகின்றனர். முடிவு இன்னும் தென்படவில்லை.

கணக்கின் விதி மிக எளியது. ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, அந்த எண்ணைத் தவிர அதன் மற்ற வகுத்திகளை எல்லாம் கூட்ட வேண்டும். வரும் தொகையை அடுத்த எண்ணாகக் கொண்டு அதையே திரும்பச் செய்ய வேண்டும். 12-இன் வகுத்திகள் 1, 2, 3, 4, 6, கூட்டினால் 16. பதினாறின் வகுத்திகள் 1, 2, 4, 8, கூட்டினால் 15. இவ்வாறே 9, 4, 3, 1 என்று தொடர் இறங்கி முடிகிறது. இதனை வகுத்தித் தொடர் என்று அழைப்போம். பகா எண் ஒன்று வந்துவிட்டால் அடுத்தது 1 என்பதால் தொடர் அங்கேயே முடிந்ததாகக் கொள்ளலாம்.

எல்லாத் தொடர்களும் இவ்வாறு அடங்குவதில்லை. 6-இன் வகுத்திகளைக் கூட்டினால் மீண்டும் 6 கிடைக்கும். 28, 496, 8128 ஆகியவையும் அத்தன்மையனவே. இவற்றை நிறைவெண்கள் என்பர். 25-இல் தொடங்கினால் அடுத்த அடியிலேயே 6 வந்து தொடர் அசையாது நின்றுவிடும். 220 என்பது 284-ஐத் தரும். 284 என்பது 220-ஐத் தரும். நட்பெண்கள் எனப் பெயர் பெற்ற இந்த இணையைப் பண்டைக் கிரேக்கர் அறிந்திருந்தனர். 1184, 1210 என்னும் சிறிய இணையோ ஆய்லர் போன்ற பேரறிஞர் கண்ணுக்கும் தப்பி, 1866-இல் பகனீனி என்னும் 16 வயது இத்தாலிய இளைஞனிடம் அகப்பட்டது. மாணவர்களிடம் சொல்லத் தக்க செய்தி இது. 1918-இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த பூலே, 12496-இல் தொடங்கி ஐந்தே அடிகளில் தொடங்கிய இடத்துக்கே திரும்பும் வட்டம் ஒன்றையும், 14316-இல் தொடங்கும் 28 எண்கள் கொண்ட வட்டம் ஒன்றையும் வெளியிட்டார்.

இனி வினாவுக்கு வருவோம். ஒன்றில் முடிவது, நிறைவெண்ணில் நிற்பது, வட்டமாகச் சுழல்வது ஆகிய இம்மூன்றில் ஒன்று எல்லாத் தொடருக்கும் நேர்ந்தே தீருமா? அல்லது எல்லையின்றி வளர்ந்துகொண்டே செல்லும் தொடரும் உண்டா? எல்லாத் தொடரும் ஒன்றிலோ நிறைவெண்ணிலோ முடியும் என்று 1888-இல் கத்தலான் கருதினார். 220-இன் வட்டம் அதற்கு மாறாக இருப்பதால், 1913-இல் அமெரிக்கரான டிக்ஸன் வட்டங்களையும் சேர்த்து அக்கருத்தைத் திருத்தினார். 1975-இல் ரிச்சர்டு கை, செல்ஃபிரிட்ஜ் என்னும் இருவரும் நேர் எதிரான கருத்தை முன்வைத்தனர்: இரட்டை எண்ணில் தொடங்கும் தொடர்களில் பல, முடிவின்றி வளர்வன. இரண்டில் எது சரி என்று நிறுவியவர் இன்றுவரை இல்லை.

ஒரு தொடர் ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்பதைக் கரும்பலகையிலேயே காட்டிவிடலாம். 30-இல் தொடங்குவோம். 30, 42, 54, 66, 78, 90, 144 என்று தொடர் ஏறிச் செல்லும். 144-க்கு முன் உள்ளவை யாவும் 6-இன் மடங்குகள் என்பதைக் கவனிக்க. 6-ஆல் வகுபடும் எண்ணுக்கு அதன் பாதியும், மூன்றில் ஒரு பங்கும், ஆறில் ஒரு பங்கும் வகுத்திகளாக அமையும். இம்மூன்று பங்குகளைக் கூட்டினாலே அந்த எண் முழுமையாக வந்துவிடும். வேறு வகுத்தி ஒன்று இருந்தாலும் தொகை எண்ணை விஞ்சும். ஆகவே 6-இன் மடங்கு, 6 ஒன்று நீங்கலாக, ஏறியே தீரும்.

ஆனால் 144-ம் 6-இன் மடங்கே. அதன் அடுத்த எண் 259. அதாவது ஏற்றம் தொடர்கிறது, ஆயினும் எண் ஒற்றைப்படையாகிவிட்டது. 259-க்கு 1, 7, 37 என மூன்று வகுத்திகளே உள்ளமையால் தொடர் 45-க்கு விழுகிறது. பின்னர் 33, 15, 9, 4, 3, 1. இவ்வளவுக்கும் காரணம் 144 ஒரு வர்க்க எண் என்பதே. வர்க்கமாகவோ வர்க்கத்தின் இருமடங்காகவோ உள்ள எண்ணில் மட்டுமே தொடர் இரட்டையிலிருந்து ஒற்றைக்கோ, ஒற்றையிலிருந்து இரட்டைக்கோ மாறும். மற்ற இடங்களில் இரட்டை இரட்டையாகவே நீளும். சிறிய எண்களில் வர்க்கங்கள் அடிக்கடி வரும். ஆகவே சிறிய தொடர்கள் விரைவில் முடிகின்றன. 200 இலக்கமுள்ள எண்களிடையே வர்க்கம் ஒன்று எதிர்ப்படுவது, 1-க்குப் பின் ஏறத்தாழ 100 சுழிகள் இட்டு எழுதும் எண்ணில் ஒரு வாய்ப்பாகும். அவ்வளவு உயரம் ஏறிவிட்ட தொடர் முடிய வேண்டுமாயின், பெரும்பாலும் முதலில் நெடுந்தூரம் இறங்கி வந்தாக வேண்டும்.

138-இன் தொடர் அவ்வாறு இறங்கி வந்த ஒன்று. அது 17993,18,95,322 வரை, அதாவது 12 இலக்கங்கள் வரை ஏறி, பிறகு இறங்கி 177 அடிகளில் 1-ஐ அடைகிறது. 840-இன் தொடர் 49 இலக்க எண் வரை சென்று, பின்னர் 601 என்னும் சிறிய பகா எண்ணுக்கு வந்து அடங்கிற்று. ஆயிரத்துக்குள் தொடங்கும் தொடர்களில் 276, 552, 564, 660, 966 என்னும் ஐந்தும், அவற்றோடு வந்து கலப்பவையும் மட்டுமே முடிவு அறியப்படாதவை. இந்த ஐந்தையும் ஆராய்ந்த அமெரிக்கக் கணிதர் லேமரின் பெயரால் அவை வழங்குகின்றன.

276-இன் தொடக்க அடிகளைச் சற்று நின்று பார்ப்பது நன்று. 276, 396, 696, 1104, 1872, 3770, 3790 என ஏறுகிறது. 3770 வந்தபோது மூன்று என்னும் காரணி கழன்றுவிட்டது; இரண்டும் ஒரே முறைதான் உள்ளது. அதனால் ஏற்றம் தளர்ந்து 3790, 3050, 2716 என்று தொடர் இறங்கத் தொடங்குகிறது. இறக்கம் நீடித்திருந்தால் இத்தொடர் அன்றே முடிந்திருக்கக் கூடும். ஆனால் 2716 என்பது 28 × 97. அடுத்து 2772, 5964, 10164, 19628, 19684, 22876; இவை ஒவ்வொன்றும் 28-இன் மடங்கு. 28-இன் வகுத்திகள் அனைத்தின் தொகை, 28-ஐயும் சேர்த்து, 56. எனவே எஞ்சிய காரணியில் 2-ம் 7-ம் இல்லாதவரை 28 அடுத்த எண்ணிலும் தவறாது தோன்றும். தோன்றுமிடமெல்லாம் தொடரை மேலே தள்ளும். தனித்து நிற்கும்போது அசையாதிருக்கும் நிறைவெண், பிற எண்ணுக்குள் புகுந்தால் அதை ஏற்றிச் செல்வது விந்தையே. கை, செல்ஃபிரிட்ஜ் இருவரும் இத்தகைய காரணிகளுக்கு இயக்கிகள் என்று பொருள்படப் பெயரிட்டனர். இன்று 276-இன் தொடர் 2000 அடிகளைக் கடந்து, 200 இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்களில் நடந்துகொண்டிருக்கிறது.

இனி உழைப்பு எங்கே செல்கிறது என்று பார்ப்போம். வகுத்திகளை ஒவ்வொன்றாகத் தேடிக் கூட்டத் தேவையில்லை. பகாக் காரணிகள் தெரிந்தால் போதும். 276 = 4 × 3 × 23 என்று தெரிந்தவுடன் (1 + 2 + 4) × (1 + 3) × (1 + 23), அதாவது 7 × 4 × 24 = 672 என்பது எல்லா வகுத்திகளின் தொகை. அதில் 276-ஐக் கழித்தால் 396. ஆகவே கூட்டல் எளிது, காரணிப்படுத்துதலே கடினம். அறியப்பட்ட முறைகளில் எண்ணின் இலக்கங்கள் கூடக்கூட அக்கடினம் மிக விரைந்து பெருகும். இரகசியக் குறியீட்டு முறைகள் சில இக்கடினத்தையே காவலாகக் கொண்டுள்ளன. 250 இலக்கமுள்ள ஒரு சோதனை எண்ணை 2020-இல் காரணிப்படுத்தியபோது, கணிப்பொறிச் செயலியின் ஒரே ஓர் உட்கரு செய்வதாயின் ஏறத்தாழ 2700 ஆண்டுகள் ஆகும் அளவு உழைப்பு அதற்குச் செலவாயிற்று.

காரணி தேடும் கலையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. நாராயண பண்டிதர் 1356-இல் இயற்றிய கணித கௌமுதியில் வகுத்திகளைக் காண்பதற்கென்றே ஓர் அத்தியாயம் உள்ளது. எண்ணை இரு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதும் முறை அதில் கூறப்பட்டிருக்கிறது; ஐரோப்பாவில் இது 17-ஆம் நூற்றாண்டினரான ஃபெர்மாவின் பெயரால் வழங்குகிறது. 5141-ஐ எடுத்துக்கொள்வோம். 72-இன் வர்க்கம் 5184. மிகுதி 43, வர்க்கமன்று. 73-ம் 74-ம் உதவா. 75-இன் வர்க்கம் 5625. மிகுதி 484, அது 22-இன் வர்க்கம். எனவே காரணிகள் 75 − 22 = 53, 75 + 22 = 97. இக்காலத்துச் சல்லடை முறைகளும் வர்க்கங்களின் வித்தியாசம் என்னும் இதே அடிப்படையில் எழுந்தவையே. 1981-இல் பொமரான்ஸ் அமைத்த இருபடிச் சல்லடை அவற்றுள் புகழ் பெற்றது. பகா எண்ணா, அன்றா என்று அறிவது வேறு வினா. அதை எப்பொழுதும் உறுதியாகவும் நியாயமான காலத்துக்குள்ளும் தீர்க்கும் வழி உண்டு என்பதை 2002-இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர் நிறுவினர். நடைமுறையில் அதனினும் வேகமான சோதனைகள் கையாளப்படுகின்றன. பகு எண் என்று தெரிந்தும் காரணிகள் தெரியாத எண்ணே தொடரை நிறுத்தி வைக்கும் தடையாகும்.

இத்தடையை நீக்கவே பலர் கூடுகின்றனர். தொடரின் அடிகளைப் பங்கிட இயலாது. ஐந்நூறாம் அடி முடியாமல் ஐந்நூற்று ஒன்றாம் அடி எந்த எண்ணென்றே தெரியாது. ஆனால் ஓர் அடிக்குள் உள்ள உழைப்பைப் பங்கிடலாம். 1980-களில் லென்ஸ்ட்ரா கண்ட நீள்வட்ட வளைவரை முறையில், தற்செயலாகத் தேர்ந்த வளைவரை ஒவ்வொன்றும் தனியான ஒரு முயற்சி. 30 இலக்கக் காரணி ஒன்றைக் காண இத்தகைய முயற்சிகள் சில நூறும், 40 இலக்கமாயின் சில ஆயிரமும் தேவைப்படலாம். ஒருவர் நூறு, மற்றொருவர் இருநூறு என்று வெவ்வேறு நாடுகளில் இருந்தபடி செய்யலாம். ஒருவர் தோல்வி மற்றவரைத் தாக்காது. அதிலும் அகப்படாத எண்ணைச் சல்லடைக்கு விடுவர். அங்கும் எண்களின் நெடுக்கத்தைத் துண்டு துண்டாகப் பகிர்ந்துகொள்ளலாம். சேர்ந்த தொடர்புகளை எல்லாம் ஓரிடத்தில் தொகுத்துத் தீர்க்கும் இறுதிப் பகுதியே தனி இயந்திரத்தின் வேலை. பிரான்சைச் சேர்ந்த பால் சிம்மர்மான் போன்ற ஆய்வாளரும், சொந்தக் கணிப்பொறியை இரவில் ஓடவிடும் ஆர்வலரும் இதில் உழைத்துள்ளனர். எவர் எத்தொடரை ஏற்றார் என்பது பொதுப் பதிவேட்டில் குறிக்கப்படுவதால் ஒரே வேலையை இருவர் செய்யும் விரயம் குறைகிறது. ஊதியம் எதுவும் இல்லை.

முன்பின் அறியாதோர் தந்த விடையை எவ்வாறு நம்புவது? காரணிகளைக் கண்டுபிடிக்க மாதங்கள் ஆனாலும், அவற்றைப் பெருக்கிச் சரிபார்க்க நொடிப்பொழுதும் ஆகாது. ஒவ்வொரு காரணியும் பகா எண்ணே என்பதையும் சோதிக்க வேண்டும். பகு எண்ணொன்றைப் பகா எண் எனக் கொண்டுவிட்டால் தொகை பிழையாகும். அதன் பின்னர் வரும் ஆயிரம் அடிகளும் வேறொரு தொடரின் அடிகளாய் முடியும்.

இவ்வளவு உழைத்தும், ஒரு தொடர் முடிவற்றது என்பதைக் கணக்கிட்டே நிறுவிவிட முடியாது. முடிந்தால் முடிந்தது என்று சொல்லலாம். முடியாதவரை இன்னும் முடியவில்லை என்பதற்கு மேல் சொல்ல இயலாது. கை, செல்ஃபிரிட்ஜ் கருத்துக்கு நிரூபணம் வேறு வழியில்தான் வர வேண்டும். ஆனால் 276 நாளை ஒரு பகா எண்ணில் விழுந்தால் அவ்வொரு தொடரைப் பற்றிய ஐயம் அன்றே தீரும்.

வகுப்பில் இதைச் செய்ய விரும்பும் ஆசிரியர், தாளில் மூன்று பத்திகள் போடச் செய்க: எண், அதன் பகாக் காரணிகள், அடுத்த எண். ஒரு மாணவர் எழுதியதை அடுத்தவர் பெருக்கிச் சரிபார்த்த பின்னரே அடுத்த அடிக்குச் செல்லலாம். தொடக்கத்துக்கு 30, 138, 562 ஆகியவை ஏற்றவை. 562 உடனே 284-இல் விழுந்து நட்பெண் வட்டத்தில் சிக்கிக்கொள்ளும்; 138-ஐ முழுதும் போட வேண்டா, முதல் இருபது அடிகளே போதும். ஒருவருக்கு 276-ம் மற்றொருவருக்கு 306-ம் கொடுத்தால் இருவரும் அடுத்த அடியிலேயே 396-இல் சந்திப்பர்.