சந்தைக்கு முன்னே உண்டியல்

நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் பேளுக்குறிச்சி. சனிக்கிழமைதோறும் கூடும் இவ்வூர்ச் சந்தை மளிகைச் சரக்கிற்குப் பெயர்பெற்றது. தை பிறந்து, புதுமிளகு மலையினின்று இறங்கத் தொடங்கியதும், ஓராண்டிற்கு வேண்டிய மிளகு, சீரகம், வெந்தயம், கடுகு, மல்லி ஆகியவற்றை ஒரே நாளில் வாங்கிச் செல்ல வெளியூர்க் குடும்பங்களும் வருகின்றன. வெயிலில் காயவைத்து டப்பாக்களில் அடைத்துவிட்டால், மறு அறுவடை வரை கவலையில்லை.

ஆனால் சந்தைக்கு அருகிலேயே வாழும் ஏழைக் குடும்பங்கள் பல அவ்வாறு வாங்குவதில்லை. காரணம் என்னவென்று ஒரு தாயிடம் வினவினேன். "மொத்தமா வாங்கக் கையில காசு ஏது சாமி? அன்னன்னைக்குக் கடையில பாக்கெட்டுதான்" என்றார்.

அன்பர்களே, அவ்விடையில் ஒரு பேருண்மை அடங்கியுள்ளது. கையில் மொத்தமாகப் பணம் உள்ளவர் குறைந்த விலைக்கு வாங்குகிறார்; இல்லாதவரோ சிறுசிறு பொட்டலங்களாக வாங்கி, அதே சரக்கிற்குக் கூடுதல் விலை கொடுக்கிறார். அவசரச் செலவு வந்தாலோ வாரவட்டிக்காரரை நாடுகிறார். ஆயிரம் ரூபாய்க் கடனில் நூறு ரூபாயை முன்னரே பிடித்துக்கொண்டு, வாரம் நூறாகப் பத்து வாரம் தண்டினால், அவ்வட்டி ஆண்டிற்கு நூறு விழுக்காட்டைத் தாண்டும் என்பதை நம்மில் எத்தனைபேர் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறோம்?

இதற்கு மாற்று ஓர் எளிய பழக்கமே. கூலி கைக்கு வந்த நாளிலேயே, செலவிற்கு முன்னர், வாரம் 60 ரூபாயை உண்டியலில் இடுங்கள். செலவுபோக மிஞ்சுவதைச் சேமிப்போம் என்றிருந்தால் எதுவும் மிஞ்சாது. 52 வாரங்களில் 3,120 ரூபாய் சேரும். அதைக் கொண்டு, எல்லாம் இல்லையாயினும், மிளகு, சீரகம் போன்ற விலைகூடிய சரக்குகளைச் சந்தையில் மொத்தமாக வாங்கலாம்.

இரண்டாம் ஆண்டில்தான் இதன் பயன் விளங்கும். பொட்டலங்களுக்குச் சென்ற காசு இப்போது வீட்டிலேயே நிற்கிறது. அடுத்த ஆண்டின் சந்தைச் செலவிற்கு அதைச் சேர்த்து வரலாம். ஆகவே பழைய 60 ரூபாய் விடுதலை பெறுகிறது. அதிலிருந்து மாதம் 200 ரூபாயை அஞ்சலகத்தில் ஆர்.டி. எனப்படும் தொடர் வைப்பில் இட்டால், 2024-இல் இருந்த 6.7 விழுக்காடு வட்டிப்படி, ஐந்தாண்டில் செலுத்திய 12,000 ரூபாய் ஏறத்தாழ 14,270 ஆகும். பெருந்தொகை அன்றுதான். எனினும் பள்ளிக்கட்டணத்திற்கோ மருத்துவத்திற்கோ வட்டிக்காரர் வாயிலில் நிற்காதிருக்க அது போதும்.

வாரம் 60 ரூபாயும் ஒதுக்க இயலாத இல்லங்கள் உண்டு. அவர்களிடம் சிக்கனத்தை மட்டும் போதிப்பது அன்பாகாது. அத்தகையோர் கூடிச் சேமிக்கவே மகளிர் குழுக்கள் தோன்றின. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தமிழக அரசு இம்முயற்சியைத் தொடங்கிற்று. 1992-இல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைக் கொணர்ந்தது. தனித்து நின்றால் வங்கி தயங்கும் ஒரு பெண்ணுக்கு, குழுவின் ஒழுங்கான சேமிப்பே பிணையாகிறது.

செல்வம் ஒரே நாளில் வருவதன்று. வரும் சனிக்கிழமை சந்தைக்குப் புறப்படுமுன், கணவனும் மனைவியும் பிள்ளைகளோடு அமர்ந்து, முதல் காசை உண்டியலில் இடுங்கள். அதைப் பிள்ளையின் கையால் இடச் செய்யுங்கள்.