ஆறு கம்பிகள் – 7: முதற்பாட்டு

போன கிழமை ஆறு கம்பிகளுக்கும் சுருதி கூட்டப் பழகினோம். தடித்த கம்பியிலிருந்து வரிசையாக ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. சுருதி சேர்ந்த கிற்றாரை மடியில் வைத்ததும் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "எந்தப் பாட்டில தொடங்கிறது?"

பலர் 'இளைய நிலா'வில் தொடங்குகிறார்கள். 1982இல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்ததிலிருந்து எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகளைக் கிற்றார் பக்கம் இழுத்த பாட்டு அது. அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் அதில் கேட்பது கம்பி கம்பியாக விரலால் மீட்டிய வாசிப்பு. இடக்கை இன்னும் கோட் (சில சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் பிடி) பிடிக்கவே பழகாத நிலையில் வலக்கைக்கும் அவ்வளவு வேலை கொடுத்தால் இரண்டும் சோர்ந்துபோகும். சில கிழமை மல்லுக்கட்டிவிட்டுக் கிற்றாரைச் சுவரில் கொழுவியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

இதை ஒட்டுசுட்டானில் இருக்கும் பிள்ளையை நினைத்தே எழுதுகிறேன். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-34 வீதியில் உள்ள ஊர். தான்தோன்றீஸ்வரர் கோயில் நாதஸ்வரமும் தவிலும், வட்டப்பளை அம்மனின் பொங்கற் பறையும், கோவலன் கூத்தும் கேட்டு வளர்ந்த காதுகள் அங்கே உண்டு. கிற்றார் சொல்லித்தர ஆள் தேடுவதுதான் கடினம். கைத்தொலைபேசியைப் பார்த்துத்தான் பெரும்பாலான பிள்ளைகள் பழகுகிறார்கள். தொலைபேசியை நிறுத்தலாம், பின்னுக்கு இழுக்கலாம், மெதுவாக ஓடவிடலாம். விரல் வைக்க நேரம் எடுத்தால் பாட்டு நமக்காகக் காத்து நிற்கும். அதிலேயே பழகிய பிள்ளைக்கு ஒவ்வொரு கோட்டும் தனித்தனியாகப் பிடிக்க வரும், பாட்டு மட்டும் வராது.

ஆகவே என் பதில் இது: வீட்டிலுள்ள எல்லாரும் பார்க்காமல் பாடக்கூடிய பாட்டே முதற்பாட்டு. அம்மம்மா பாடத் தொடங்கினால் நிற்கமாட்டார். அவருடைய தாளத்துக்குள் நீங்கள் கோட் மாற்றித்தான் ஆகவேண்டும்.

அப்படி எல்லா வீட்டிலும் இருக்கும் பாட்டு பிறந்தநாள் வாழ்த்து. யாரும் அதைக் கிற்றார்ப் பாடமாக நினைப்பதில்லை. ஆனால் மூன்று கோட்டும், நாலு வரியும், 'தகிட' என்று எண்ணக்கூடிய மூன்றடித் தாளமும் கொண்ட அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

ஏ, டி, ஈ என்ற மூன்று மேஜர் கோட்களில் பிடியுங்கள். மெல்லிய கம்பியை முதலாவதாக எண்ணுகிறோம். ஏ கோட்டுக்கு நாலாம், மூன்றாம், இரண்டாம் கம்பிகளை இரண்டாவது பிரெட்டில் (கழுத்திலுள்ள உலோகக் கட்டுகளுக்கு இடையிலான இடம்) நடுவிரல், சுட்டுவிரல், மோதிரவிரல் என்ற ஒழுங்கில் அழுத்தவேண்டும். டி கோட்டுக்குச் சுட்டுவிரல் அசையவே தேவையில்லை. மோதிரவிரல் இரண்டாம் கம்பியின் மூன்றாவது பிரெட்டுக்கும் நடுவிரல் முதற்கம்பியின் இரண்டாவது பிரெட்டுக்கும் போகும். ஈ கோட்டுக்கு அதே சுட்டுவிரல், கம்பியை விடாமல், முதலாவது பிரெட்டுக்கு வழுக்கிப் போகட்டும். நடுவிரல் ஐந்தாம் கம்பியிலும் மோதிரவிரல் நாலாம் கம்பியிலும் இரண்டாவது பிரெட்டில் இருக்கும். மூன்று கோட்டுக்கும் சுட்டுவிரல் மூன்றாம் கம்பியை விட்டு எழும்புவதே இல்லை. ஒரு விரல் இடம் தெரிந்து நின்றால் மற்ற இரண்டும் தடுமாறாமல் வந்து சேரும். ஏ கோட்டைப் பல புத்தகங்கள் வேறு விரலொழுங்கில் காட்டும். தொடங்குகிறவருக்கு இதுவே சுகம் என்பது என் எண்ணம்.

இனிப் பாட்டு. முதல் வரி ஏயில் தொடங்கி, அதன் கடைசிச் சொல்லில் ஈக்கு மாறும். இரண்டாம் வரி ஈயிலேயே போய்க் கடைசிச் சொல்லில் ஏக்குத் திரும்பும். மூன்றாம் வரியில் பிள்ளையின் பெயர் வரும் இடத்தில் டி. கடைசி வரியில் ஏ, ஒரேயொரு அடிக்கு ஈ, பிறகு ஏ. முதல் மூன்று வரியிலும் வரிக்கு ஒரு மாற்றந்தான். 'எத்தனை கோட்' என்று பார்த்துப் பாட்டுத் தெரிவு செய்கிறோம். 'எவ்வளவு நேரத்துக்கு ஒருக்கால் மாறவேண்டும்' என்று பார்ப்பது அதைவிட முக்கியம்.

இந்த மூன்று கோட்டுக்கு ஏன் இவ்வளவு பலம்? பள்ளியில் சங்கீதம் படித்த பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். ஏயைச் சட்ஜமாக வைத்தால் ஏ கோட்டில் ச, க, ப இருக்கிறது. டியில் ம, த, ச. ஈயில் ப, நி, ரி. சங்கராபரணத்தின் ஏழு சுரமும் மூன்று பிடிக்குள் வந்துவிட்டன. அதனால்தான் அந்த மேளத்தின் சுரங்களில் நேராகப் போகும் எளிய மெட்டு எதுவானாலும் இவற்றில் ஒன்று அதற்குக் கை கொடுக்கும். கமகத்தால் உயிர்பெறும் தேவாரத்தை மட்டும் இதற்குள் அடைக்கப் பார்க்காதீர்கள். அதற்குச் சுருதிப்பெட்டியே போதும்.

பெண்களும் சிறுவர்களும் பாடும்போது ஏ சிலவேளை பொருந்தாது. மூன்றாவது பிரெட்டில், எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கப்போவைப் பூட்டினால் அதே விரல்களோடு பாட்டு ஒரு கட்டைக்கு, அதாவது சிக்கு, வந்துவிடும். கப்போ போடுவது குறுக்குவழி என்று யாராவது சொன்னால் காதில் போடவேண்டாம். பாடுகிறவரின் குரலுக்காகத்தான் கிற்றார்.

இது கை வந்தபின் எங்கள் சொந்தச் சொத்துக்கு வரலாம். உரும்பிராய் நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' போன்ற ஈழத்துப் பொப் பாட்டுகள் இலங்கை வானொலி வழியாக வீடு வீடாகப் போனவை. 'சுராங்கனி' கடலும் தாண்டியது. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா அதைத் தமிழ்நாட்டுத் திரைக்குக் கொண்டுபோனார். மனோகரன் 2018இல் சென்னையில் காலமானார். இன்றும் கலியாண வீட்டில் யாராவது ஒருவர் எடுத்துவிட்டால் மிச்சப் பேர் சேர்ந்துகொள்கிறார்கள். குட்டி வரிகள், திரும்பத் திரும்ப வரும் மெட்டு, கூட்டமாகப் பாட ஏற்ற பல்லவி: கிற்றார் பழகுகிறவருக்கு வேண்டிய எல்லாம் அவற்றில் இருக்கின்றன. போர்த்துக்கேயர் காலத்திலிருந்து இந்தத் தீவில் வேர்விட்ட பைலாவின் ஆறடித் தாளம் அவற்றுக்குள் ஓடுகிறது. இரண்டு 'தகிட'வை வேகமாகச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், பைலா கேட்கும். பிறந்தநாள் பாட்டில் பழகிய எண்ணிக்கை இங்கே அப்படியே உதவும்.

ஒட்டுசுட்டான் இருக்கும் வன்னிக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1990களின் பொருளாதாரத் தடையில் பற்றரி கிடைக்காமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். அந்தக் காலத்தைத் தாண்டி வந்த பாட்டுகளை இன்று பெரியவர்கள் வரி பிசகாமல் பாடுகிறார்கள். அவர்களிடம் கேட்டு, அவர்கள் எடுக்கும் சுருதியிலேயே கோட் தேடுங்கள். எந்தத் தொலைபேசியிலும் அந்தப் பாடம் கிடைக்காது.

இந்தக் கிழமை வேலை இதுதான்: ஏ, ஈ, டி மாற்றத்தை விரல் பார்க்காமல் பழகிவிட்டு, வீட்டில் ஒருவரைப் பாடச் சொல்லுங்கள். கோட் தவறினால் பாட்டை நிறுத்தச் சொல்லவேண்டாம். இடக்கையைத் தளர்த்திக் கம்பிகள் மீது சும்மா வைத்துக்கொண்டு, வலக்கையால் தாளத்தை மட்டும் தட்டிக்கொண்டு போங்கள். அடுத்த வரி தொடங்கும்போது ஏறிக்கொள்ளலாம்.