அள்ள அள்ள ஏன் திரும்பி வருகிறது ஆற்றுவாழை?

கல்முனையையும் நாவிதன்வெளியையும் இணைக்கும் கிட்டங்கித் தாம்போதியால் போய்வருபவர்களுக்கு ஆற்றுவாழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மாரிவெள்ளத்தோடு மிதந்து வந்து பாதையை அடைத்துக்கொள்ளும். சிரமதானம் செய்து அள்ளுகிறோம். அடுத்த மாரிக்கு மறுபடியும் வந்து நிற்கிறது.

பெயரில்தான் வாழை. இது பொன்டடேரியாசியே என்ற நீர்ச்செடிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்துக்கு நமது வயல்களிலும் ஒரு உறவு உண்டு: நீலப் பூப்பூக்கும் மொனோகோரியா. அது சேற்றில் வேரூன்றி நிற்கும் களை, பிடுங்கினால் போய்விடும். ஆற்றுவாழையோ தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிய விமானங்களை ஏமாற்ற வெள்ளையர் இதைப் பரப்பினார்கள் என்றொரு கதை உலவுகிறது. ஆனால் இதைத் தடைசெய்யும் சட்டம் இலங்கையில் 1909 இலேயே வந்துவிட்டது!

இலைக்காம்பு ஒன்றைப் பிளந்து பாருங்கள். உள்ளே பஞ்சுபோலக் காற்றறைகள். அதனால்தான் மிதக்கிறது. இறகு போன்ற வேர்கள் நிலத்தைத் தேடாமல் தண்ணீரிலேயே தொங்கி, வயல்களிலிருந்து வடிந்துவரும் உரத்தை உறிஞ்சுகின்றன. தாய்ச்செடி பக்கவாட்டில் தண்டு விட்டுக் குட்டிகளை ஈனுகிறது. நல்ல சூழலில் இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகும். இயந்திரப் படகின் விசிறியில் அறுபடும் துண்டும் தனிச் செடியாகிவிடும்.

பூவுக்கு ஆறு இதழ்கள். மேல் இதழில் மஞ்சள் பொட்டு. வாடியதும் பூந்தண்டு வளைந்து தண்ணீருக்குள் தலை கவிழ்க்கிறது. விதைகள் சேற்றில் இறங்கி 15 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். போர் முடிந்த 2009 இல் விழுந்த விதை 2024 மாரியிலும் முளைத்திருக்கலாம். நாம் அள்ளுவது மேலே தெரிவதை மட்டும்தான்.

செடிப்பாயின் கீழே வெளிச்சம் புகாது, ஒட்சிசன் குறையும், மீன் ஒதுங்கும். தோணியும் வலையுமே பிழைப்பானவருக்கு அன்றைய உழைப்பு போச்சு.

உப்புதான் இதற்கு எதிரி. கடல்நீர் ஏறும் பாலமீன்மடுப் பக்கம் இது நிலைப்பதில்லை. ஆகவே முகத்துவாரம் எப்போது வெட்டப்படுகிறது, எப்போது மண்மூடுகிறது என்பது வெள்ளத்தோடு மட்டும் முடிகிற விடயமல்ல.

அள்ளுவதென்றால் பூக்கும் முன்பே அள்ள வேண்டும். அள்ளியதை வெள்ளம் எட்டாத மேட்டில் குவித்துப் பசளையாக்கலாம். பல இடங்களில் கரையிலேயே போட்டுவிட்டுப் போகிறோம். அடுத்த வெள்ளம் அதைத் திரும்ப வாவிக்குள் இறக்கிவிடுகிறது.