அயர்லாந்தில் அணைந்த அடுப்புகள்

பஞ்சம் என்றால் உணவு இல்லாமை என்றே பொதுவாகப் பொருள் கொள்கிறோம். அது முழு உண்மையன்று என்பதற்கு, 1845 முதல் அயர்லாந்தை வாட்டிய பெரும் பஞ்சம் சான்று.

1841-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 82 லட்சம். நிலம் நிலக்கிழார்களுக்கு உரியது. சிறு குத்தகைதாரர்கள் விளைவித்த தானியமும் வளர்த்த கால்நடைகளும் குத்தகைப் பணமாக மாறின. அவர்கள் உண்டு வாழ்ந்தது துண்டு நிலத்தில் விளைந்த உருளைக்கிழங்கை. 1845-இல் கருகல் நோய் அதைத் தாக்கியது. மறு ஆண்டு விளைச்சல் பெரும்பாலும் அழிந்தது.

பிரதமர் ராபர்ட் பீல் ஒரு லட்சம் பவுண்டுக்கு அமெரிக்க மக்காச்சோளம் வாங்கி, மலிவாக விற்கச் செய்தார். 1846-இல் அவர் பதவி இழந்தார். அடுத்து வந்த ஜான் ரஸ்ஸல் அரசு, சந்தையில் அரசு தலையிடலாகாது என்ற கொள்கையில் ஊறியிருந்தது. நிவாரணத்தைக் கண்காணித்தவர் கருவூல அதிகாரி சார்லஸ் டிரெவெல்யன். உணவு கொடுப்பதற்குப் பதிலாக வேலை கொடுத்தனர். 1847 மார்ச்சில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சாலைப் பணிகளில் இருந்தனர். அவர்கள் பெற்ற கூலி, ஏறிய விலைக்கு ஈடாகவில்லை.

1846-இன் இறுதியில்கூட அயர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து ஓட்ஸ் தானியம் கப்பலேறியது. 1847-இல் தானிய இறக்குமதி ஏற்றுமதியை விஞ்சியது என்பதும் உண்மையே. ஆனால், கையில் காசில்லாதவனுக்குத் துறைமுகத்தில் குவிந்த தானியத்தால் என்ன பயன்?

1847 பிப்ரவரியில், நோயுற்றிருந்த டேனியல் ஓ'கானல் நாடாளுமன்றத்தில் தம் மக்களுக்காக இறுதியாக மன்றாடினார். கத்தோலிக்கர்களுக்கு நாடாளுமன்றக் கதவைத் திறக்கப் போராடிய அத்தலைவர், மே மாதம் மறைந்தார்.

அதே ஆண்டு அரசு தன் கொள்கையைத் தற்காலிகமாகத் தளர்த்தி, பொதுச் சமையற்கூடங்களைத் திறந்தது. ஜூலையில் நாள்தோறும் சுமார் 30 லட்சம் பேர் அங்கு உணவு பெற்றனர். ரயில்பாதைகள் அரிதாக இருந்த காலத்தில் நிகழ்ந்த பெருஞ்சாதனை இது. அரசு முனைந்தால் பசியைத் தடுக்க முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

ஆனால், இலையுதிர்காலத்துக்குள் அந்த அடுப்புகள் அணைக்கப்பட்டன. ஏழைகளைக் காக்கும் சுமை உள்ளூர் வரிகளின் தலையில் ஏற்றப்பட்டது. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்போர் அதைக் கைவிட்டால்தான் நிவாரணம் என்று சட்டம் விதித்தது. பசியா, நிலமா என்று தேர்ந்தெடுக்கும் நிலைக்கு உழவர்கள் தள்ளப்பட்டனர்.

அரசிடம் பணம் இல்லாமலில்லை. 1833-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அடிமைகளின் உரிமையாளர்களுக்கு இழப்பீடாக 2 கோடி பவுண்டு ஒதுக்கிய அரசு அது. அயர்லாந்துப் பஞ்சத்துக்கு அது செலவிட்டது ஒரு கோடி பவுண்டுக்கும் குறைவு.

சுமார் 10 லட்சம் பேர் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் கடல் கடந்தனர். 1851-இல் மக்கள்தொகை 66 லட்சத்துக்கும் கீழே சரிந்தது. டிரெவெல்யனுக்கோ 1848-இல் 'சர்' பட்டம் கிடைத்தது. 1859-இல் அவரே சென்னை மாகாண ஆளுநராகவும் வந்தார்.

உணவு இருப்பது வேறு, அதைப் பெறும் வலிமை மக்களுக்கு இருப்பது வேறு என்பதை 1981-இல் அமர்த்திய சென் தம் பஞ்ச ஆய்வில் விளக்கினார். அயர்லாந்து அதை முன்பே கண்ணீரால் எழுதிவிட்டது. கருகல் நோய் இயற்கையின் செயல். எரிந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்தது மனிதர்களின் முடிவு.